யோனா நான்காம் அதிகாரமும் முப்பத்தொன்றாவது ஜாக்கெட்டும்

ஜூலை 7, திங்கள்

பெண்கள் பண்டிகைக்கு இந்த வருடம் நான்தான் பிரசங்கச் செய்தி கொடுக்க வேண்டுமாம். கோயிலின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ‘ஹெப்சிபா அக்கா’ என்று யாரோ ஆரம்பித்ததும் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். மரியாதையினால் அல்ல, தங்கள் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தினால். ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு ஆராதனை, பன்னிரண்டு நிமிடம்.

பகுதியைக் கொடுத்தவர் புதுப் போதகர் கிதியோன் ஐயா. யோனா, நான்காம் அதிகாரம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஞாயிறு பள்ளியில் பத்து வருடம் மீன் வயிற்றைப் பற்றிக் கதை சொன்னவள் நான். வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் திறந்தால் நான்காம் அதிகாரத்தில் மீனே இல்லை. இரண்டாம் அதிகாரத்தின் கடைசியிலேயே யோனாவைக் கரையில் கக்கிவிட்டுப் போய்விட்டது.

ஐயா ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். “அக்கா, மொதல்ல இந்தப் பகுதியோட மையச் செய்தி என்னன்னு ஒரே வாக்கியத்துல எழுதி அனுப்புங்க. பன்னெண்டு வார்த்தைக்குள்ள. நீங்க சொல்ல நினைக்கிறத இல்ல, அது என்ன சொல்லுதோ அத. போன்ல தேடாதீங்க. இருபது தடவை வாசிங்க போதும்.”

பதினோரு வசனத்துக்கு இருபது தடவை! அவருக்கு என் மகள் வயதுதான். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பண்டிகைக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி கத்தரிப்பூ நிறச் சேலை. சேலையோடு ஒட்டி வரும் துணியில் ஜாக்கெட் தைக்க வேண்டியது ஊரின் ஒரே பெண் தையல்காரியான நான். இப்போதைக்கு முப்பது.

ஜூலை 8, செவ்வாய்

முதல் வாசிப்பிலேயே வாக்கியம் கிடைத்துவிட்டது. “கீழ்ப்படியாதவர்களை ஆண்டவர் தண்டிப்பார்.” மூன்றே வார்த்தை. அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில். “எந்த வசனம் அக்கா?”

தேடினேன். இந்த அதிகாரத்தில் யாரையும் தண்டிக்கவில்லை. ஒரு செடி மட்டும் செத்துப்போகிறது, அதுவும் பூச்சி அரித்து.

ஜூலை 10, வியாழன்

இரண்டாவது வாக்கியம்: “கோபம் உடம்புக்குக் கெடுதல்.” அதற்குப் பதில்: “சரிதான் அக்கா, ஆனா அது டாக்டர் சொல்லுவாங்க.”

மூன்றாவது வாக்கியம்: “மரம் வளர்ப்போம்.” ஆண்டவரே யோனாவின் நிழலுக்காக ஆமணக்குச் செடி முளைக்கப் பண்ணினாரே! பதிலாக ஒரு சிரிக்கும் பொம்மை வந்தது. போதகர்கள் சிரிக்கும் பொம்மை அனுப்பலாமா?

எட்டு ஜாக்கெட் வெட்டியாயிற்று.

ஜூலை 12, சனி

இதை எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

இன்று சங்கக் கூட்டத்துக்கு மூன்றாவது தெரு பியூலா வந்தாள். மூன்று வருடமாக நம் சபைப் பக்கமே வராமல் டவுன் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று, “நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன், எல்லார் முன்னாலயும் சொல்லணும்” என்றாள். சொன்னாள். என் மகள் ஷெர்லினுக்கு நிச்சயம் ஆகியிருந்த இடத்துக்கு, அவளுக்கு வலிப்பு இருக்கிறதென்று பொய்யாக மொட்டைக் கடிதம் எழுதியது தான்தான் என்று. அதே இடத்தைத் தன் மகளுக்குக் கேட்டிருந்தாளாம். என் மகளுக்கு அமைந்ததும் வயிற்றெரிச்சல் தாங்கவில்லையாம்.

எனக்கு இது புதிதல்ல. அந்த வீட்டார் கடிதத்தைக் காட்டிச் சம்பந்தத்தை முறித்த அன்றே அந்த ‘ழ’வைப் பார்த்தேன். இருபது வருடச் சிநேகிதியின் ‘ழ’ தெரியாதா?

பிறகு நடந்ததுதான் விசேஷம். எல்லாரும் அழுதார்கள். ஐயா ஜெபித்தார். சபையிலேயே மூத்தவரான ரத்தினபாய் பெரியம்மா அவள் தலையில் கைவைத்து முத்தமிட்டார். பின் டீயும் அச்சுமுறுக்கும் கொடுத்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் என் மகள் மூன்று மாதம் அறையைவிட்டு வெளியே வராமல் இருந்தது ஒரு டீயோடு முடிந்துவிட்டது.

என் பக்கம் அவள் வந்தபோது நான் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாராவது பொறுக்க வேண்டுமே.

இனி இந்த நோட்டில் அவள் பெயர் வராது. ‘மூன்றாவது தெரு’ என்று மட்டும் எழுதுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் மூன்றாவது தெரு எனக்கு முன்வரிசை. பிரசங்கம் எதைப் பற்றியது என்று நினைவில்லை. எனக்குக் கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஷெர்லின் கோயம்புத்தூரில் இதைவிட நல்ல இடத்தில் வாழ்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய்

வாசிப்பு எட்டு ஆகிவிட்டது. தனியாக வாசித்து அலுத்ததால் என் வீட்டுக்காரரை, இவரை, உட்காரவைத்தேன். பள்ளிக்கூடக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், குரல் நன்றாக இருக்கும். ஆண்டவர் பேசுவதை அவர் வாசிக்க வேண்டும், யோனா பேசுவதை நான்.

முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லா வாசிக்க ஹெப்சி. கொஞ்சங்கூட நடிப்பே இல்ல.”

“என்ன சொல்லுதீங்க?”

“இல்ல, ‘நான் சாகிறதே நல்லது’ன்னு அவன் சொல்லுற இடம் இருக்குல்லா, நம்ம வீட்டுல அடிக்கடி கேட்ட மாதிரியே இருந்துச்சு.”

ஜூலை 16, புதன்

இன்று மூன்று வேளையும் உப்புமா. அவருக்கு உப்புமா பிடிக்காது.

ஜூலை 18, வெள்ளி

ஷெர்லின் பள்ளியில் படித்தபோது வாங்கிய கலர் பென்சில் டப்பா பரணில் இருந்தது. அதிகாரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, திரும்பத் திரும்ப வருகிற சொற்களுக்கு வண்ணம் தீட்டினேன். துணி வெட்டுமுன் விரித்துப் போட்டு நூலோட்டம் பார்ப்பதில்லையா, அதுபோல.

கண்டது இவ்வளவு. கோபம் சிவப்பு: மூன்று வசனங்களில். சாவு கறுப்பு: அதுவும் மூன்றில். சந்தோஷம் மஞ்சள்: ஒரே இடம்! அழியப்போகிறது என்று அவன் எச்சரித்த ஊர் மனந்திரும்பிப் பிழைத்ததற்கு அவனுக்குச் சந்தோஷம் இல்லை, தலைக்கு நிழல் கிடைத்ததற்குத்தான் மிகவும் சந்தோஷம். ஆண்டவர் கேட்கும் கேள்வி பச்சை: மூன்று. அதிகாரம் முடிவதும் கேள்வியில்தான். யோனா என்ன பதில் சொன்னான் என்று இல்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் மீகாவின் புத்தகம் வந்துவிடுகிறது.

இன்னொன்று. ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்பது அவனுக்கு முன்பே தெரியும். அதைத்தான் அவர் முகத்துக்கு நேரே குற்றமாகச் சொல்கிறான். அவர் பொல்லாதவர் என்று அவனுக்குக் கோபம் வரவில்லை. நல்லவராக இருக்கிறாரே என்றுதான் வந்திருக்கிறது. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவன் ஊருக்கு வெளியே கிழக்கே போய்ப் பந்தல் போட்டு, ஊருக்கு என்ன ஆகப்போகிறது என்று பார்க்க உட்கார்ந்துகொள்கிறான். சின்னப்பிள்ளைத்தனம். நானும் மூன்று வருடத்துக்கு முன் தையல் எந்திரத்தை ஜன்னலோரம் மாற்றிப் போட்டேன். அங்கிருந்து மூன்றாவது தெரு முனை நன்றாகத் தெரியும். வெளிச்சத்துக்காகத்தான் மாற்றினேன்.

நான்காவது வாக்கியம் அனுப்பினேன்: “மனந்திரும்புகிறவர்களுக்கு மன்னிப்பு உண்டு, ஆனால் உடனே அல்ல.”

பதில்: “கடைசி மூணு வார்த்தை எந்த வசனம் அக்கா?”

ஜூலை 21, திங்கள்

கடை வாசலில் மூன்றாவது தெரு. கையில் கத்தரிப்பூ நிறச் சேலை. கொயரில் வேறு சேர்த்துவிட்டார்களாம். அவள் குரல் நன்றாகத்தான் இருக்கும், அதைச் சொல்வதில் எனக்கென்ன.

“ஹெப்சி, எனக்கும் ஒண்ணு தைக்கணும். நேரம் இருக்குமா?”

“சங்கத்து வேல. எல்லாருக்கும் தைக்கணும்லா.”

“அளவு எடுக்கியா?”

“நோட்டுல இருக்கு.”

“நான் முன்ன மாதிரி இல்லட்டி, ரொம்ப ஊதிப்போனேன்.”

“நோட்டுல இருக்குன்னு சொன்னேம்லா.”

துணியை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். முப்பத்தொன்று ஆகிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

எழுதிவைத்திருந்த அளவுப்படி முப்பத்தொன்றாவதை வெட்டினேன். மூன்று வருடத்துக்கு முந்தைய அளவு, ஆனால் அளவு அளவுதானே. பின்னால் பிரித்துவிட உள்ளே துணி விட்டுத் தைப்பது வழக்கம். இதில் விடவில்லை. துணியை ஏன் வீணாக்க வேண்டும்? மிச்சத்தைப் பொடிப்பொடியாக வெட்டி ஊசி குத்தும் மெத்தைக்குள் அடைத்தாயிற்று.

வாசிப்பு பதினான்கு. இன்றும் வாக்கியம் இல்லை.

ஜூலை 26, சனி

போட்டுப் பார்க்க வந்தாள். ஜாக்கெட்டோடு திரைக்குப் பின்னால் போனாள். நான் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். ‘நோட்டுல இருந்த அளவு’ என்று சொல்ல வேண்டியதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

வெளியே வந்தாள். கொக்கிகளுக்கும் வளையங்களுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. ஓரங்களைப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே துணி இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கிண்டலாக இல்லை, சும்மா சிரித்தாள்.

“பரவால்ல ஹெப்சி. சேலைய இழுத்துப் போத்திக்கிடுதேன். கொயர்ல பின்வரிசைதான, யாரு பாக்கப்போறா?”

சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தயாரித்து வைத்திருந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்ல விடவில்லை.

சாயங்காலம் தேங்காய் துருவும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. இவர், “தேங்காய்க்கெல்லாம் கண்ணு எரியாதே” என்றார். அந்தத் துணியை நினைத்தால் மனசு கேட்கவில்லை என்றேன். எவ்வளவு நல்ல துணி! கரையில் என்ன அழகாக மாங்காய் ஓடியிருந்தது! அநியாயமாகப் போயிற்று.

“துணிக்கா அழுத?”

“பின்ன எதுக்கு அழுவாவ?”

ஜூலை 28, திங்கள்

பண்டிகைக்கு ஆறு நாள் இருக்கும்போது திருநெல்வேலிக்கு பஸ் ஏறினேன், அதே நிறத்தில் துணி தேட. எட்டுக் கடை. காணாமல்போன பிள்ளையின் போட்டோவைக் காட்டுவதுபோல ஒவ்வொரு கடையிலும் மிச்சத் துணித்துண்டு ஒன்றை நீட்டினேன். “இந்தக் கரை சேலையோடதான்மா வரும், தனியா வராது” என்றார்கள். கடைசிக் கடையில், “பாவம்ங்க இந்தத் துணி, என்ன தப்புப் பண்ணுச்சு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கலர் தாளை எடுத்து வாசித்தேன். பதினேழாவது முறை. பத்தாம் வசனத்துக்கு வந்தேன். நீ நட்டு வளர்க்காத, ஒரு இரவில் முளைத்து ஒரு இரவில் செத்த செடிக்காக நீ இவ்வளவு பரிதாபப்படுகிறாயே என்று ஆண்டவர் கேட்கிற இடம். அடுத்த வசனம்: அந்தப் பெரிய ஊருக்காக, வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் தெரியாத அத்தனை ஜனங்களுக்காக, அவர்கள் ஆடுமாடுகளுக்காக, நான் பரிதாபப்படக் கூடாதா?

இரண்டிலும் ஒரே சொல். அவனுக்கு ஒன்று, ஆண்டவருக்கு ஒன்று. இதுவரை நான் அதற்கு வண்ணமே தீட்டவில்லை.

தாளை மடித்தேன். எண்பது சென்டிமீட்டர் துணிக்காக எட்டுக் கடை ஏறி இறங்கியிருக்கிறேன். அந்தத் துணிக்குள் நுழைய முடியாமல் நின்றவளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று இப்போது எழுதிவிடுகிறேன். நோட்டுக்கு முன்னால் என்ன வெட்கம்?

இன்னொன்றும் தோன்றியது. வெயிலில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை ஆண்டவர் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஊர்தான் காப்பாற்றியாயிற்றே, அவருக்கு வேறு வேலையா இல்லை? போகவில்லை. திரும்பத் திரும்ப வந்து அவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, “எறங்கணுமா? ஒங்க ஊரு போயிட்டே” என்றார். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

அனுப்பினேன்: “எல்லார்மேலும் இரங்குகிற ஆண்டவர், இரங்க மறுத்து முறைத்துக்கொண்டிருப்பவனையும் விடாமல் தேடிவந்து பேசுகிறார்.”

“எந்த வசனம் அக்கா?”

“நாலு, ஒன்பது, பத்து, பதினொன்று.”

பிறகு: “இதை நான் படிச்ச காலேஜ்ல எழுதியிருந்தா எனக்கு நல்ல மார்க் வந்திருக்கும்.”

வாக்கியம் கிடைத்துவிட்டது. பிரசங்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. என் சேலையோடு வந்த துணி அலமாரியில் வெட்டாமல் இருக்கிறது. தையல்காரி தனக்குக் கடைசியில்தானே தைப்பாள்.

ஜூலை 30, புதன்

போனேன். துணியும் டேப்பும் பையில். மூன்றாவது தெருவுக்குள் கால் வைத்து மூன்று வருடம். நடுவில் ரோடு போட்டிருக்கிறார்கள்.

பியூலா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்த வேகத்தில் கீரை முழுவதும் தரையில். நான் நல்லதாக நாலு வாக்கியம் யோசித்துப் போயிருந்தேன். வாயில் வந்தது, “கையத் தூக்கு.”

தூக்கினாள். டேப்பைச் சுற்றினேன். உண்மையிலேயே நன்றாக ஊதியிருக்கிறாள்.

“அந்த ஜாக்கெட்ட நான் வேணும்னேதான் அப்படி வெட்டுனேன்” என்றேன், டேப்பைப் பார்த்துக்கொண்டே.

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“இருபது வருஷமா எனக்குத் தைக்க. பிரிச்சுவிடத் துணி வைக்காம ஒருநாளாவது தச்சிருக்கியா?”

“தெரிஞ்சுதான் சிரிச்சிட்டுப் போனியா?”

“நான் எழுதுன கடுதாசிக்கு ஒரு ஜாக்கெட்டோட விட்டாளேன்னு இருந்துச்சுட்டி.”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் சிரித்தாள். பிறகு அவள் அழுதாள். நான் அழவில்லை. கொஞ்சம் அழுதேன்.

“இங்க பாரு, எனக்குக் கோவம் இன்னும் போகல” என்றேன்.

“இருக்கட்டும். கோவத்தோடயே வா, போ. காப்பி குடிக்கியா?”

காப்பி கொண்டுவந்து வைத்தவள், “ஷெர்லின் சொல்லிட்டேதான் இருந்தா, அம்மா ஒருநாள் வருவான்னு” என்றாள்.

என்ன?

வீட்டுக்கு வந்ததும் ஷெர்லினைக் கூப்பிட்டேன். அவள் கல்யாணத்துக்கு முந்தின மாதமே பியூலா போன் பண்ணி அழுதாளாம். “நான் அப்பவே விட்டுட்டேன்மா. அவங்க ஒன்கிட்டயும் சொல்லணும்னு தவிச்சாங்க, ஒன் மூஞ்சியப் பாத்துப் பயந்துபோய்த் திரும்பிட்டாங்க.”

“எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா என்மேலயும் கோவப்பட்டிருப்ப.”

“நான் என்ன எதுக்கெடுத்தாலும் கோவப்படுற ஆளா?”

அந்தப் பக்கம் மருமகன் சிரிக்கும் சத்தம். போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். இந்தப் பக்கமும் ஒரு சிரிப்பு. திரும்பினால் இவர், பேப்பருக்குப் பின்னால்.

“ஒங்களுக்கும் தெரியுமா?”

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே உயர்ந்தது.

ஆக, கடிதத்தில் அடிபட்டவளே இரண்டு வருடத்துக்கு முன் மன்னித்துவிட்டாள். அவளுக்காக நான் தனியாக வெயிலில் காவல் இருந்திருக்கிறேன். எல்லார்மேலும் பயங்கரக் கோபம் வந்தது. வந்த கையோடு, இந்தக் கோபம் நியாயமா என்ற அந்த நாலாம் வசனக் கேள்வியும் வந்து நின்றது. வாசித்துத் தொலைத்த குற்றம்.

ஆகஸ்ட் 2, சனி

பியூலாவுக்கு என் துணியில் தைத்துக் கொடுத்துவிட்டேன். கனகச்சிதம். பழையதை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். எனக்குக் கொஞ்சம் தொளதொளப்பு, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பிரசங்கம் எழுதியாயிற்று. வாசித்துப் பார்த்தால் ஏழு நிமிடம்தான் வருகிறது. பன்னிரண்டுக்கு இழுக்க மனசில்லை. வாசிப்பு இருபது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கோயில் நிறையக் கத்தரிப்பூ. பிரசங்க பீடத்தில் ஏறினேன். மீன் எங்கே என்று எல்லாரும் எதிர்பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. இதில் மீன் இல்லை என்றேன். கோபத்தையும் சாவையும், ஒரே ஒரு சந்தோஷத்தையும், மூன்று கேள்விகளையும் எண்ணிச் சொன்னேன். செடியை வாடவைத்தேன், சூடான காற்றை அடிக்கவைத்தேன். என் வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தேன். கடைசியில் ஆண்டவரின் கேள்வியைச் சொல்லி, “புத்தகம் இதோட முடியுது” என்று வேதாகமத்தை மூடினேன்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறதே என்று கொயர் பாட்டுப் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. கிதியோன் ஐயா எழலாமா வேண்டாமா என்று பாதியில் நின்றார்.

அந்த அமைதியில் முதல் வரிசையிலிருந்து ரத்தினபாய் பெரியம்மா. காது மந்தம், அதனால் அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது.

“ஏட்டி ஹெப்சி, பெறவு அந்த யோனா பந்தல விட்டு எந்திச்சுப் போனானா, இல்லியா? அதச் சொல்லாம முடிச்சா எப்படி?”

கோயில் முழுக்கச் சிரிப்பு. அது அடங்கட்டும் என்று காத்திருந்தேன். கொயரின் பின்வரிசையைப் பார்த்தேன்.

“அவன் போனானான்னு தெரியாது பெரியம்மா,” என்றேன். “நான் போனேன்.”

சபைக்கு அது புரிந்திருக்காது. பின்வரிசையில் ஒருத்திக்குப் புரிந்தது. ஆர்கன் தொடங்குமுன்பே, யாரும் சைகை காட்டுமுன்பே, அவள் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடியதில் முதல் வரி முழுக்க அபசுரம்.